பூசணிக்காய் மார்க் இருட்டு

கோவில்பட்டியில் இதுவரை பிறந்த ஆட்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் பூச்சாண்டி அண்ணாச்சிக்குத்தான். ஆனால் பரிசை வாங்க மனிதர் மேடைக்கு வர மாட்டார். மேடை என்றால் பின்னால் திரை இருக்கும், திரைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்டவர்தான் பார்த்தவர்களையெல்லாம் அலற வைத்த ஒரு கம்ப்யூட்டர் கேமைத் தன் கையாலேயே செய்தார். அதையும் பட்டப்பகலில் செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த கேம் இருக்கிற அறைக்குள் கால் வைக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். டைப்ரைட்டிங்கில் ஹையர், ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று இரண்டு சர்டிபிகேட்டுகளோடு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சாபீசில் டி.டி.பி. வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மேஜை. ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி லேபிள். அது அவருடைய ராஜ்யம். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் நிச்சயம் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

பூச்சாண்டி என்ற பெயர் வந்ததற்கு அவர் வரைந்த முழிகள்தான் காரணம். மனிதருக்கு நல்ல கை. கிளி வரைந்தால் கிளிதான், மான் வரைந்தால் மான்தான். ஆனால் கண் வரைகிற இடத்தில் மட்டும் என்னவோ ஆகிவிடும். ஒரு கம்பெனிக்குப் பாப்பா படம் போட்ட லேபிள் செய்து கொடுத்தார். அந்தப் பாப்பா நம்மைப் பார்த்த பார்வையில், 'நீ போன வாரம் செஞ்சது எனக்குத் தெரியும்' என்பது போல ஒரு தோரணை இருந்தது. பெட்டியை வாங்கிப்போன பெண்கள் அதை அடுப்பங்கரையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் அச்சாபீசுக்கே சோறு போட்டது பூசணிக்காய் மார்க் தீப்பெட்டி. அந்தக் கம்பெனியின் சொந்தக்காரரை ஊரே பூசணிக்கா முதலாளி என்றுதான் சொல்லும். ஆளும் கொஞ்சம் அந்த மார்க்குக்குப் பொருத்தமாகத்தான் இருப்பார். ஒரு தடவை அண்ணாச்சி அவருடைய பூசணிக்காய்க்கே கண்ணும் மூக்கும் கோரைப்பல்லும் வைத்து ப்ரூப் எடுத்துவிட்டார்.

"ஏம்வே, எம் பொட்டிய வாங்குதவன் வெளக்கு ஏத்தணுமா, இல்ல வேப்பிலை அடிக்கணுமா?" என்றார் முதலாளி.

"வீட்டு வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுதாகள்லா மொதலாளி, அந்தப் பூசணிக்கா..."

"அது வாசல்ல கெடக்கட்டும். எம் பொட்டியில பல்லு வேண்டாம்."

பல் போனது. முழி மட்டும் எப்படியோ தங்கிவிட்டது என்றுதான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அண்ணாச்சிக்கு ஒரு வினோதப் பழக்கம். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் வரும்.

"இருக்கியா தாயி?"

"இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி."

அவ்வளவுதான். வேறு சேதி இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய், 'என்ன வேணும்?' என்று கேட்டேன். ஒரு மாதத்தில் என் வாய் தானாகப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று அடித்துக்கொண்டே, தலை நிமிராமல், சலிப்போடு, "இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி" என்பேன்.

கேம் ஆசை எப்படி வந்தது என்றால், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யால் வந்தது. 'நீங்களே கேம் செய்யலாம்' என்று அதில் ஒரு மென்பொருள் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் கார் ரேஸ் செய்திருப்பார்கள், துப்பாக்கியால் சுட்டிருப்பார்கள். இவர் சொன்னார்:

"தாயி, ஒரு சின்னப்பய பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குப் போறான். ஒரே இருட்டு. கையில ஒரு தீப்பெட்டி மட்டுந்தேன். ஒரு குச்சி எரியுத நேரந்தான் வெளிச்சம். அதுக்குள்ள பாதையப் பாத்துக்கணும். தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பயம் இருக்கும்."

"என்ன பயம்?"

"அதத்தான் கேட்டு வாங்கணும்."

அன்றையிலிருந்து அச்சாபீசுக்கு வந்த யாரும் தப்பவில்லை. ரசீது புத்தகம் அடிக்க வந்தவர், நோட்டீசுக்கு வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லோரிடமும் அண்ணாச்சி ஒரு நீல அட்டை நோட்டோடு போய் நிற்பார். "சின்ன வயசுல உங்களுக்கு எது பயம்?" என்று கேட்பார். முதலில் எல்லோரும் முறைத்தார்கள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தனை வருஷமாக யாருமே அவர்களிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஒருவர் மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தார். கையில் மாமனாரின் போட்டோ. தாய்மாமனே மாமனார் ஆன குடும்பம். நான் படத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி சமயம் சந்தர்ப்பம் பார்க்காமல் நோட்டை நீட்டிவிட்டார். வந்தவர் என் மேஜைப் பக்கம் திரும்பினார். திரையில் வந்திருந்த போட்டோவைக் காட்டினார்.

"இவியதேன்."

"மாமாவா?"

"மாமா மீசை. மாமாவுக்கு முன்னாடி அது வரும்."

கேமில் இரண்டாவது தெருவில் ஒரு மீசை வரும். ஆள் கிடையாது, மீசை மட்டும். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், நிதானமாக, நம்மை நோக்கி வரும். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்தேன். இரண்டாவது தடவை குச்சி அணைந்து, அடுத்த குச்சியை உரசியபோது அது என் மூக்குக்கு நேரே நின்றது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

பால் கொண்டுவருகிறவர் ஆடு மேய்க்கிற குடும்பத்துக்காரர். சின்ன வயதில் ஆட்டுக்கிடையை வேறு காட்டுக்கு மாற்றிப் போகும்போது தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் ஆடும் இல்லை, ஆளும் இல்லை, கரிசக்காட்டில் தான் மட்டும் நின்ற கதையைச் சொன்னார். கேமில் ஆட்டுமணிச் சத்தம் கேட்டுக்கொண்டே தூரமாகப் போகும். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு பால்காரர், "இனிமே இங்கன கேனை வெளியிலயே வச்சிருதேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஓனர், அதாவது அச்சாபீஸ்காரர், பெரிய மனிதர். 'எனக்கு ஒரு பயமும் கெடையாது' என்று ஒரு வாரம் கெத்தாகச் சுற்றினார். கடைசியில் நோட்டை வாங்கி யாருக்கும் தெரியாமல் அவரே எழுதினார். 'பதினாறாம் வாய்ப்பாடு.' கேமில் ஒரு கிணறு உண்டு. பக்கத்தில் போனால் உள்ளேயிருந்து ஒரு குரல், "ஏலே, பதினாறேழு?" என்று கேட்கும். பதில் டைப் அடிக்காவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பிரம்பு மெல்ல மேலே வரும்.

என்னுடைய பயத்தையும் கொடுத்தேன். எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தார். மணியாச்சியில் வேலை. அவருக்கு ஆபீசில் ஒரு மழைக்கோட்டு கொடுத்திருந்தார்கள். கோவில்பட்டிக்காரனுக்கு மழைக்கோட்டு! அது வருஷம் முழுக்க ஆணியிலேயே தொங்கியது. ராத்திரி முழித்துப் பார்த்தால் தலை இல்லாத ஓர் ஆள் சுவரோரம் நிற்பான். மழை பெய்தால் அவன் போய்விடுவான் என்று சாமி கும்பிட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அந்த வேண்டுதல் பலிக்க எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சிக்குச் சொந்தமாக என்ன பயம் என்று பலமுறை கேட்டேன். "எனக்கா தாயி? எல்லாந்தேன்" என்று மழுப்பிவிடுவார். அது ஒன்றும் பொய்யில்லை. தான் வரைந்த மீசையைத் தானே பார்க்க மாட்டார். திரையில் பாதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். சத்தம் சேர்க்கும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுவார். சோதித்துப் பார்க்கிற வேலை என் தலையில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டிவிட்டு நான் உட்கார்ந்து விளையாடுவேன். செய்தவர் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

"கோட்டு வந்துட்டா தாயி?"

"வந்துட்டு."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"நெசமாவா? அப்ப நான் தெரு வரைக்கும் போயிட்டு வாரேன்."

ஒருநாள் நடுவில் கரண்ட் போய், யு.பி.எஸ். வீல் வீல் என்று கத்தியது. வெளியில் நின்றவர் அலறிய அலறலில் எதிர்க் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்ப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மறுநாள் அந்த யு.பி.எஸ். சத்தமும் கேமில் சேர்ந்துவிட்டது. "இது சின்ன வயசுப் பயம் இல்லையே அண்ணாச்சி" என்றேன். "சேவ் பண்ணாம வச்சிருந்தா எந்த வயசும் சின்ன வயசுதான்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. குச்சிதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

வேறு ஊர்க்காரன் யாராவது செய்திருந்தால் குச்சி உரசினால் எரிகிற மாதிரி செய்து முடித்திருப்பான். இவர் தீப்பெட்டி ஊர்க்காரர். ஒரு குச்சி நிஜமாகவே எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்க்காமல் கேமில் வைக்க மனசு ஒப்பவில்லை. அலாரம் கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பூசணிக்காய் மார்க்கை ஒவ்வொன்றாகக் கொளுத்த ஆரம்பித்தார். ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே, இங்கன பேப்பர் இருக்கு, மை இருக்கு, மெஷின் தொடைக்க மண்ணெண்ணெய் இருக்கு. கொறையா இருந்தது நீ கொளுத்துத குச்சி ஒண்ணுதான். பெறத்த போ!"

அண்ணாச்சி கொல்லைப்பக்கம் வாளியில் தண்ணீரோடு போய் உட்கார்ந்து நான்கு பெட்டிகளைக் கொளுத்தி முடித்தார். எந்தக் குச்சி எத்தனை வினாடி எரிந்தது, எது ஒடிந்தது, எது புஸ்ஸென்று நமுத்துப் போனது என்று எல்லாம் நீல நோட்டில் ஏறியது. எந்தக் குச்சி காலை வாருகிறதோ, கேமிலும் அதே வரிசையில் காலை வாரும். ஆட்டுமணி தூரமாகப் போகிறது, பின்னால் ஏதோ நடக்கிறது, உரசுகிறோம், குச்சி ஒடிகிறது. அந்த ஒரு வினாடியில்தான் கேமின் மொத்தப் பயமும் இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கேமில் வருகிற தீப்பெட்டிக்கு ஒரு லேபிள் வேண்டுமே. கைக்கு எட்டியது எதுவோ அதை எடுத்து ஒட்டிவிட்டார். கைக்கு எட்டியது பூசணிக்காய்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முதலாளி லேபிள் ப்ரூப் பார்க்க வந்தார். நான் விளையாடிக்கொண்டிருந்தேன். திரையில் தன் பெட்டியைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"அடேய், நம்ம பொட்டி! டி.வி.யில வருதே! தள்ளு பாப்பா."

என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். முதல் குச்சி பளிச்சென்று எரிந்தது. "பாத்தியா, நம்ம குச்சிய!" என்று தொடையில் தட்டினார். இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவது ஒடிந்தது. நான்காவது புஸ்ஸென்று போனது. திரை கும்மிருட்டு. இருட்டுக்குள் முதலாளியின் மூச்சு மட்டும் கேட்டது. இந்த இடத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். அவருக்குக் கோபம் வந்தது.

"யாருவே சொன்னா எங்குச்சி பத்தாதுன்னு?"

கதவுக்கு வெளியே இருந்தவர் உள்ளே எட்டிப்பார்த்தார். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருப்பான். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாஞ் சொல்லலை மொதலாளி. உங்க குச்சிதான் சொல்லிச்சு. நாலு பொட்டி கொளுத்திப் பாத்தேன். எட்டுக்கு ஒண்ணு இப்பிடித்தான் போவுது. இந்தா, எழுதி வச்சிருக்கேன்."

முதலாளியின் முகம் நிஜமாகவே பூசணிக்காய் மார்க் நிறத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு வைத்தார். அதற்குள் கேமில் அத்தனை குச்சியும் பற்ற வேண்டும். இல்லாவிட்டால் லேபிள் ஆர்டர் மொத்தமும் சிவகாசிக்குப் போய்விடும்.

"அப்ப லேபிளை எடுத்திருதோம் மொதலாளி" என்று ஓனர் கெஞ்சினார்.

"எதுக்கு எடுக்கணும்? பொட்டி இருக்கணும். குச்சியும் பத்தணும்!"

வேறு கம்பெனி லேபிளை ஒட்டலாமா என்று யோசித்தோம். ஊரில் இருந்த எல்லா லேபிளுக்கும் ஒவ்வொரு முதலாளி இருந்தார். எல்லா முதலாளிக்கும் கோபம் வரும்.

"மூணு குடும்பம் அந்தப் பூசணிக்காயில தொங்குது" என்றார் ஓனர். "வெள்ளிக்கெழம அந்தக் குச்சி பத்தலைன்னா, நீ வேற எடம் பாத்துக்கோடே. என்னை மன்னிச்சுக்கோ." அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அண்ணாச்சி மாற்றிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை எல்லாக் குச்சியும் எரிந்தது. பால்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். விளையாடிக்கொண்டே கொட்டாவி விட்டார். "நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு. டியூப்லைட் போட்டாப்புல" என்றார். புதன்கிழமை அண்ணாச்சி குச்சிகளைப் பழையபடியே ஒடிய வைத்தார்.

"அண்ணாச்சி, வேலை போயிரும்" என்றேன்.

"தெரியும் தாயி. பத்துத குச்சிய வச்சு எவனும் பயப்பட மாட்டான். அத்தன பேரு மனசு விட்டுச் சொன்னாகள்லா. அவிய பயத்த நான் பொய்யாக்க முடியாது."

ஆறு மணிக்குமேல் ஆபீசில் நிற்கப் பயப்படுகிற மனிதர் சொன்ன பேச்சு இது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு அடித்த காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்ணாச்சி தன் தூரிகைகளையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்துவிட்டார். மத்தியானம் முதலாளி வந்தார். உரசினார். மூன்றாவது குச்சி ஒடிந்தது. அப்படியே எழப்போனார்.

"மொதலாளி, ஒரே ஒரு கோரிக்கை" என்றார் அண்ணாச்சி. "கடேசி வரைக்கும் ஒருக்கா வெளையாடிப் பாருங்க. அதுக்கப்புறம் உங்க கையாலயே அழிச்சிருங்க. தாயி, எந்த பட்டன்னு காட்டிரு."

நான் காட்டினேன். முதலாளி அந்த பட்டனின் மேலேயே ஒரு விரலை வைத்துக்கொண்டு மறு கையால் விளையாடினார். அண்ணாச்சி வழக்கம்போலக் கதவுக்கு வெளியே போய்விட்டார். மீசை வந்தது. முதலாளி, "ஏ ஆத்தா!" என்று நாற்காலியோடு பின்னால் வந்ததில் என் கால் மாட்டிக்கொண்டது. விரல் பட்டனை விட்டு எப்போது எடுபட்டது என்று அவருக்கே தெரியாது. கிணறு, "பதினாறேழு?" என்று கேட்டது. "நூத்திப்பன்னெண்டு!" என்று முதலாளி கத்திச் சொல்லிக்கொண்டே டைப் அடித்தார். பின்னால் நின்ற ஓனர், "நூத்திப்பன்னெண்டா!" என்று நிம்மதியாக மூச்சு விட்டார். ஆட்டுமணி தூரமாகப் போனது. என் மழைக்கோட்டு அசைந்தது. கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியில் இரண்டே குச்சிகள்.

அந்தக் கடைசி வீட்டை நானும் அதுவரை பார்த்ததில்லை. முடிந்த பிறகு காட்டுகிறேன் என்று சொல்லிப் பூட்டி வைத்திருந்தார். முதலாளி ஒரு குச்சியை உரசினார். கதவு திறந்தது. உள்ளே விரித்த பாய். ஒரு போர்வை, பாதி விலகிக் கிடந்தது. தட்டு போட்டு மூடிய ஒரு கும்பா. வேறு ஒன்றுமே இல்லை. மீசை இல்லை, கோட்டு இல்லை.

"என்னவே, இங்கன ஒண்ணுமே இல்ல? யாருமே இல்லையே?"

"அதான் மொதலாளி" என்று கதவுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. "யாரும் இல்ல. அதான் என் பயம்."

குச்சி அணைந்தது. இருட்டில் அண்ணாச்சி தன் சின்ன வயதைச் சொன்னார். வெள்ளன, பொழுது விடியுமுன்பே, தீப்பெட்டிக் கம்பெனி வண்டி ஊருக்குள் வரும். பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அம்மா கஞ்சியை மூடி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் ஏறிப் போய்விடும். பிள்ளை முழித்துக் கூப்பிட்டுப் பார்ப்பான். பதில் வராது.

"சாயங்காலம் வந்திரும் மொதலாளி. ஒரு நாளும் வராம இருந்ததில்ல. ஆனா காலையில அது தெரியாதுல்லா."

"எந்தக் கம்பெனி வண்டி?"

"உங்க வண்டிதான். உங்கப்பா காலத்துல."

ஓனர் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி கடைசிக் குச்சியை உரசினார். அதுவும் ஒடிந்தது.

மொத்த இருட்டு. அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இனிமையான குரல் எல்லாம் இல்லை. ஏதோ வேலையில் இருக்கிறவள் தலை நிமிராமல் சலித்துக்கொண்டு சொல்கிற குரல்.

"இங்கனதான் இருக்கேன்."

என் குரல்.

திரை மெதுவாக விடிந்தது. கேம் முடிந்தது. எனக்குத் தெரியாமல் தடுப்பின் மேல் மைக்கை வைத்து எடுத்திருக்கிறார். 'அண்ணாச்சி' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டார்.

"சொல்லாம எடுத்தீகளாக்கும்?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன்.

"சொல்லியிருந்தா நீ நல்லாப் பேசியிருப்ப தாயி. எனக்கு அது வேண்டாம். சலிச்சுக்கிட்டுச் சொன்னாத்தான் ஆளு நெசமா இருக்குன்னு அர்த்தம்."

முதலாளி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "என்னவே தூசி இந்த ரூமுல" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலாளி குரலுக்குத் திரும்பினார்.

"இங்க பாரு. மத்த குச்சி ஒடியட்டும், நமுக்கட்டும், என்னமும் பண்ணட்டும். ஆனா அந்தக் கடேசிக் குச்சி பத்தணும். எம் பொட்டியில கடேசிக் குச்சி பத்தாமப் போவாது. அது எங்க கம்பெனி மரியாத."

அண்ணாச்சி உள்ளே வந்தார். முதல் தடவையாகத் தன் கேமின் திரையை அட்டை இல்லாமல் பார்த்தார். "அது நல்ல யோசனதான் மொதலாளி. எனக்குத் தோணலையே" என்றார். அந்த மஞ்சள் பையிலிருந்து தூரிகைகளை எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கியது நான்தான்.

அந்த கேமை விளையாடியவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். விற்க வேண்டும், பெயர் வாங்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. பயத்தைக் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அது போதும் என்றார். மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். பத்திரிகையை நானே அடித்தேன், படம் அவர் போட்டார். என் மாமியார் அதில் இருந்த பிள்ளையாரின் கண்ணைப் பார்த்துவிட்டு, "இவர் ஏன் நம்மளையே பாக்குறார்?" என்று கேட்டார். பரிசாக அண்ணாச்சி கொடுத்தது ஒரு சி.டி. உறையில் பூசணிக்காய் லேபிள். இப்போது என் வீட்டில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் திறக்காது. ஆனாலும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

பிறகு அவர் புதியம்புத்தூர்ப் பக்கம் ரெடிமேட் துணிக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் போடப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. சாக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். குழந்தைகள் துணிக்கடைக்குள் போனால் நான் விலையைப் பார்ப்பதில்லை. கவுனில் தைத்திருக்கிற கரடியின் முழியைத்தான் பார்ப்பேன். ஒரே ஒரு தடவை, ஒரு மஞ்சள் கவுனில், ஒரு முயல் என்னை அப்படிப் பார்த்தது. எங்கள் வீட்டில் அந்த அளவு கவுன் போடுகிற பிள்ளையே இல்லை. இருந்தும் வாங்கி வந்துவிட்டேன்.

அண்ணாச்சி எந்த வாரப் பத்திரிகையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். முதல் பக்கத்தில் என்ன பூதம் இருக்குமோ என்ற பயம். அதனால்தான் இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கெஞ்சி, வாராவாரம் நான் எழுதுகிற பத்தியை இந்த ஒரு வாரம் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

இங்கனதான் இருக்கேன், அண்ணாச்சி.